மீசையில் ஒட்டாத மண்

"கோதாவில் இறங்கிவிட்டார்" என்று தேர்தல் காலத்தில் பத்திரிகைகள் எழுதுகின்றன. தோற்றவர் "மண்ணைக் கவ்வினார்" என்கின்றன. தோற்றதை ஒப்புக்கொள்ளாதவரைப் பற்றி, "கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்" என்று நாம் திண்ணையில் சிரிக்கிறோம். மூன்றும் குஸ்தியிலிருந்து வந்த பேச்சுகள். கோதா என்பது மல்லர்கள் பிடி போடும் மண் குழி. இன்று தமிழ்நாட்டில் குழியும் இல்லை, குஸ்தியும் அநேகமாக இல்லை; சொற்கள் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கின்றன. இந்தச் சொற்களை நான் எழுத்தில் பயன்படுத்துவதில்லை. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குப் பாம்பன்தான் ஊர். எங்கள் தகப்பனார் பாம்பன் ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருந்தார். தம்பி பேனா பிடிக்க, அண்ணன் மூட்டை பிடித்தார். கருவாட்டுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்து கொண்டிருந்தவர், 1938-ல், பத்தொன்பது வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் போய்விட்டார். அங்கேயும் மூட்டைதான். ஆனால் அங்கே ஒரு மூட்டைக்குக் கிடைத்த கூலி, இங்கே ஒரு நாள் கூலியைப் போல இருந்ததாம். எங்கள் ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்தால் கப்பல் நிரம்பும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று கடலோர ஊர் எதை எடுத்தாலும் அக்கரைச் சீமையில் ஒரு கால் ஊன்றியிருக்கும்.

நான் பெரியப்பாவை முதன்முதலில் கண்டது 1953-ல். அப்போது எனக்குப் பத்து வயது. 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயில் மாறி மாறி வந்து, பாம்பன் பிளாட்பாரத்தில் இறங்கினார். தலையில் ஒரு தகரப் பெட்டி. அதைக் கையால் பிடிக்கவே இல்லை. கழுத்து மட்டும் நிமிர்ந்திருந்தது. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, கோயில் யானை மாதிரி நடந்து வந்தார். என் அம்மா வாசலில் நின்று, "இந்த உடம்புக்கு என்னத்தைப் போட்டு ரொப்பறது!" என்று கவலைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

அவர் வருவதற்கு நாலு வருஷம் முன்பே அவருடைய கீர்த்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. 1949-ல் ஒரு கடிதம் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் பெரிய கூட்டத்தின் முன்னால், ஒரு பஞ்சாபி பயில்வானோடு தாம் குஸ்தி போட்டதாகவும், பதினோரு நிமிஷம் அவனைத் தடுமாற வைத்துவிட்டுக் கடைசியில் மயிரிழையில் தோற்றதாகவும், "ஆனாலும் நமக்கு மீசையில் மண் ஒட்டவில்லை" என்றும் அதில் கண்டிருந்தது. என் தகப்பனார் அதைத் திண்ணையில் நின்று உரக்கப் படித்தார். தெருவே கேட்டது. அப்புறம் ஒரு மாத காலம், தபால்காரர் உள்பட, யார் வந்தாலும் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. எனக்கு அது மனப்பாடம்.

தகரப் பெட்டியிலிருந்து அவர் முதலில் எடுத்தது கண்ணாடி போட்ட ஒரு படம். தாராசிங்கின் படம். அதைக் கூடத்தில், ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். "இவன் நாம பார்த்து வளர்ந்த பிள்ளை" என்றார்.

அதில் பொய் இல்லை. தாராசிங் அமிருதசரஸ் பக்கம் தர்மூசக் என்ற கிராமத்தில் 1928-ல் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. பத்தொன்பது வயது வாக்கில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர். அங்கே பீப்பாய் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்டு அரங்கத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் குஸ்தி பயின்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலேயாவின் சாம்பியன் ஆனார். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்டு, ஹாப்பி வேர்ல்டு என்று கேளிக்கைப் பூங்காக்கள் உண்டு. சீன நாடகம், நடனம், சர்க்கஸ், குத்துச்சண்டை, குஸ்தி எல்லாம் ஒரே மதில் சுவருக்குள். சனிக்கிழமை கூலி வாங்கிய தமிழன், பஞ்சாபி, சீனன், மலாய்க்காரன் எல்லோரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கத்தினார்கள். பீப்பாய் ஆலையிலிருந்து வந்து மேடையேறுகிறவன் எப்படிப்பட்டவன் என்று மூட்டை சுமப்பவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. உடம்பைத் தவிர வேறு சொத்தில்லாதவர்களுக்கு, அந்த உடம்பே ராஜ்யம் ஆளுவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அங்கே அந்தக் காலத்து ராட்சசன் கிங்காங். உண்மைப் பெயர் எமில் சாயா. 1909-ல், அன்று ஹங்கேரியில் இருந்து இன்று ருமேனியாவில் இருக்கும் பிராஷோ நகரில் பிறந்தவர். நானூறு ராத்தல் என்று நோட்டீசில் போடுவார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கே கூட்டம் கூடுமாம். பெரியப்பா அந்தக் கோழிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வார். 1950-களில் தாராசிங்கும் கிங்காங்கும் சென்னை முதலான பெரிய நகரங்களில் எல்லாம் மோதினார்கள். சென்னையில் பந்தயம் நடந்த மறுநாள் பாம்பனில் பத்திரிகை வந்து சேரும் வரை பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு கூடம் ஆரம்பித்தார். கோதாவுக்கு மண் பக்குவம் செய்வது பெரிய காரியம். வடக்கே நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பிசைவார்கள் என்று கேள்வி. பாம்பனில் கடற்கரை மணலுக்கா பஞ்சம்? ஆனால் அந்த மணலில் கிளிஞ்சல் முதுகைக் கிழிக்கும். ஒரு மாதம் சல்லடை வைத்துச் சலித்தார். கர்லாக்கட்டைகளை உடைந்த தோணி மரத்தில் கடைந்தார். செம்படவப் பிள்ளைகள், ரயில்வேப் பிள்ளைகள், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் என்று இருபது பேர் சேர்ந்தோம். தண்டால், பஸ்கி, கர்லா. பிறகு பிடி.

நான் நோஞ்சான். என்னை அவர் விட்டுவிடுவார் என்று நம்பினேன். விடவில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்த எதையும் எனக்குக் கற்றுக் கொடுக்கவும் இல்லை. மூன்று மாதம் ஒரே பாடம். விழுவது.

"அப்பு, முதல்ல விழக் கத்துக்க. நாடி நெஞ்சுல ஒட்டணும். கையை ஊணாத, முறிஞ்சு போகும். உள்ளங்கை ரெண்டையும் அகட்டி மண்ணுல அடி. மூச்சை வெளிய விடு. உடம்பு பூராவும் ஒரே நேரத்துல மண்ணுல படணும். ஒரு எடத்துல மட்டும் பட்டாத்தான் அடி."

தாராசிங்கின் சீடரிடம் நான் கேட்க ஆசைப்பட்டது இது அல்லவே! மற்றவன் எல்லாம் தூக்கி எறிகிறான், நான் எறியப்படுகிறேன். ஒரு நாள் அழுதுகொண்டே, "எப்பப் பார்த்தாலும் நான்தான் விழணுமா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விழறதும் ஒரு தொழில்தான் அப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது தேறுதல் வார்த்தையாகப் பட்டது.

கூடத்தில் அவர் சொல்லும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர்க் கதையையே அவர் குஸ்திக் கதையாக மாற்றிவிடுவார். ராமேஸ்வரத்துத் தல புராணம் எல்லோருக்கும் தெரியும். கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமன் போனார், வரத் தாமதமாயிற்று, முகூர்த்தம் தவறக்கூடாதென்று சீதை மணலைப் பிடித்து லிங்கமாக்கினாள், ராமர் பூஜை செய்துவிட்டார். திரும்பி வந்த அனுமனுக்குக் கோபம். மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்தார். அது அசையவில்லை, அனுமன் விழுந்தார். பெரியப்பா இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "மலையைத் தூக்கினவன், கடலைத் தாண்டினவன், பயில்வான் எல்லாருக்கும் சாமி. அவன் தோத்த எடம் நம்ம எடந்தான். ஒரு பிடி மணலு கிட்டத் தோத்தான்" என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா மொதப் பூசை யாருக்கு? அவன் கொண்டாந்த லிங்கத்துக்குத்தான். இன்னைக்கு வரைக்கும்" என்பார். விசுவலிங்கத்துக்கு முதல் பூஜை நடப்பது உண்மைதான். தோற்றவனுக்கு முதல் மரியாதை என்று அதற்கு அர்த்தம் கண்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானியரின் சுமோவைப் பற்றியும் நான் முதலில் கேட்டது அந்த மணலில்தான். 1942-லிருந்து 1945 வரை சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம். துறைமுகத்தில் இவருக்கு வேலை இருந்ததால் தப்பினார். ஒரு நாள் சாயங்காலம், சிப்பாய்கள் தரையில் வட்டம் கீறிக்கொண்டு, இடுப்பில் துணியை முறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளுவதைப் பார்த்திருக்கிறார். "காலையில மனுசனைப் போட்டு அடிச்ச பயலுக, சாயங்காலம் குழந்தை மாதிரி சிரிச்சான். மேல விழுந்து உருளுறது இல்லை. வட்டத்தை விட்டு வெளியே போனாத் தோல்வி. உள்ளங்கால் தவிர எது மண்ணுல பட்டாலும் தோல்வி. கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு!"

பிற்காலத்தில் சுமோவைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பெரியப்பாவின் வருணனையில் ஒன்றும் குறையில்லை. பதினைந்தடி விட்டத்தில் ஒரு களிமண் மேடை. இறங்குமுன் உப்பை அள்ளி வீசி இடத்தைத் தூய்மை செய்கிறார்கள். (உப்பளத்துக்காரர்களான எங்களுக்கு இந்த ஒரு விஷயத்திலேயே அவர்கள் மீது பிரியம் உண்டாகிறது.) எடைப் பிரிவு கிடையாது, முந்நூறு ராத்தல்காரன் இருநூறு ராத்தல்காரனோடு மோதலாம். பதினைந்து பதினாறு வயதில் ஒரு குருவின் இல்லத்தில் சேருகிற பையன், பெருக்கவும் சமைக்கவும் மூத்தவன் முதுகைத் தேய்க்கவும் செய்கிறான். மூத்தவர்கள் சாப்பிட்ட பிறகே அவனுக்குச் சாப்பாடு. ஆறு படிநிலைகள் உண்டு. மேல் இரண்டு படிகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே மாதச் சம்பளம். வருஷத்துக்கு ஆறு பந்தயம்; ஒவ்வொன்றும் பதினைந்து நாள். பெரும்பாலான பையன்கள் மேல் படியைக் காணாமலே, முழங்கால் தேய்ந்து, முப்பதைத் தாண்டியோ அதற்கு முன்போ வீடு திரும்புகிறார்கள். ஓய்வு பெறும் பெரிய மல்லனுக்குச் சபையில் குடுமியை அறுப்பார்கள். வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு வெட்டு வெட்ட, கடைசி வெட்டைக் குரு வெட்டுவார். அந்த மலை போன்ற மனிதர்கள் அப்போது அழுவார்களாம்.

அந்தச் சடங்குக்குக் காத்திராமல் 1950-ல் தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்ட ஒருவன் உண்டு. பெயர் ரிக்கிடோசான். சுமோவில் மூன்றாவது பெரிய பட்டம் வரை ஏறியவன். பிறப்பால் கொரியன்; அதை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவன். சுமோவை உதறி, மேல்நாட்டுப் பாணிக் குஸ்திக்கு வந்து, வெள்ளைக்காரப் பயில்வான்களைக் கையால் வெட்டி வெட்டி வீழ்த்தி, யுத்தத்தில் தோற்ற ஜப்பானுக்கு வீரனானான். தெருவில் டெலிவிஷன் பெட்டி வைத்த இடங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது இவனைப் பார்க்கத்தான். 1955 நவம்பரில் டோக்கியோவில் ஆசியச் சாம்பியன் பட்டத்துக்கு அவன் யாரை வென்றான் தெரியுமோ? நம் கிங்காங்கைத்தான். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த அன்று பெரியப்பாவுக்கு இரண்டு மனம். கிங்காங் தோற்றதில் சந்தோஷம். தாராசிங் கையால் தோற்கவில்லையே என்று விசனம்.

இனி, நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

1961 பொங்கலுக்கு மதுரையிலிருந்து விடுமுறையில் வந்தேன். கல்லூரியில் இரண்டாவது வருஷம். கையில் எப்போதும் ஏதாவது ஓர் இங்கிலீஷ் பத்திரிகை இருக்கும். அதில் ஒன்றில், இந்த மேடைக் குஸ்திப் பந்தயங்களில் யார் ஜெயிப்பது, எத்தனையாவது சுற்றில் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும் சமாசாரம் என்று விளக்கமாகப் போட்டிருந்தது. ஊரை ஏமாற்றும் ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகம் எனக்கு. அதை ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருக்கலாம். கூடத்தில் பதினைந்து பையன்களை வைத்துக்கொண்டு, படித்தவன் என்ற தோரணையில் சொன்னேன்.

"இதெல்லாம் நாடகம் பெரியப்பா. விழறவனுக்கும் சம்பளம், விழவைக்கிறவனுக்கும் சம்பளம். பணத்தை வாங்கிக்கிட்டு விழறான். நீங்க அதை நிஜம்னு நம்பிக்கிட்டு, படத்தை மாட்டி வச்சிருக்கீங்க."

பையன்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கர்லாக்கட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுழற்சி நிற்கவில்லை. எண்ணிக்கையை முடித்தார். கட்டையைச் சுவரோரம் சாத்தினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாள் கூடத்துச் சுவரில் படம் இல்லை. ராமர் பட்டாபிஷேகத்துக்குக் கீழே சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. அம்மா என்னிடம், "என்னடா சொன்னே அவரை? ராத்திரி சாப்பிடல்லியே" என்றாள். நான் "ஒண்ணுமில்லே" என்றேன். கொட்டகைக்கு வரும் பையன்கள் குறைந்தார்கள். 1964 டிசம்பர் புயல், தனுஷ்கோடியைக் கொண்டுபோன ராத்திரியில், அந்தக் கொட்டகையையும் கொண்டுபோயிற்று. அவர் திரும்பக் கட்டவில்லை. பாம்பன் பாலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இரும்புக் கர்டர்களைக் கடல் அடித்துப் போயிருந்தது. அவற்றைத் தேடி எடுத்து 46 நாளில் ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் பாலத்தை மீண்டும் ஓட வைத்தது பிரசித்தமான கதை. அந்த 46 நாளும் வடம் பிடித்தவர்களில் பெரியப்பா ஒருவர். நாற்பத்தைந்து வயது அவருக்கு. அந்தக் கதையை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. தகப்பனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சென்னைக்கு வந்து, உத்தியோகம் பார்த்து, நாவல்கள் எழுதி, நாலு பேருக்குத் தெரிந்தவனானேன். நிஜம் போலத் தோன்றும்படி பொய் சொல்லிப் பணம் வாங்கும் தொழில்! பாத்திரம் எந்த அத்தியாயத்தில் விழவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, வாசகரைக் கடைசிப் பக்கம் வரை பதைக்க வைக்கிறேன். வாசகிகள் அழுது கடிதம் எழுதினால் மனத்துக்குள் பூரித்துப் போகிறேன். பெரியப்பாவைப் பார்க்கும் போதெல்லாம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றும். வாய் வராது.

தாராசிங்கின் ஏற்றத்தை நான் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே வந்தேன், ஒரு குற்றவாளியைப் போல. 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே மாதம் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன். நடுவில் இந்திப் படங்களில் கதாநாயகன். 1983-ல் டில்லியில் கடைசிப் பந்தயம். இவற்றில் எது பேசி வைத்தது, எது பேசாதது என்று நான் சொல்ல வரவில்லை. என்னிடம் அதற்குச் சாட்சி கிடையாது. பழைய குஸ்தியில் பேச்சுக்கே இடமிராது என்பார்கள். 1910 செப்டம்பரில் லண்டனில், நம் காமா பயில்வானிடம் அகப்பட்ட போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தே தப்பித்தார். ஒரு வாரம் கழித்து மறு பந்தயத்துக்கு வரவே இல்லை. 1928-ல் பட்டியாலாவில் திரும்ப மோதியபோது ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டரை மணி நேரம் ஒரு மனிதன் குப்புறக் கிடப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கச் சனங்கள் எத்தனை நாள் வருவார்கள்? நிஜத்தில் அந்தச் சங்கடம் இருக்கிறது. அத்தனை ஆசாரமான சுமோவிலேயே, மல்லர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கப் பேசி வைத்துக்கொண்டது அம்பலமாகி, 2011 மார்ச்சில் ஒசாகாவில் நடக்கவேண்டிய பந்தயத்தையே ரத்து செய்தார்கள். கீழ்ப்படிக்கு இறங்கினால் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவனுக்கு ஒரு வெற்றியைக் கடனாகக் கொடுப்பது. தனக்கு அந்த நிலை வரும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கிட்டங்கியில் முதுகு பிடித்துக்கொண்டவனின் மூட்டையைப் பக்கத்து ஆள் சுமந்து கொடுப்பது உண்டு.

1987-ல் டெலிவிஷனில் ராமாயணம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நாய் கூட நடமாடாது. அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா கண்ணில் புரை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். மாடி வீடு எங்களுடையது. கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ராமாயணத்துக்கு இந்தி எதற்கு?

அனுமன் வந்தார். முகத்தில் மாட்டிய வேஷத்துக்குள் யார் என்று சட்டென்று தெரியாது. பெரியப்பா முன்னால் சாய்ந்தார்.

"அப்பு, இது நம்ம தாராசிங்குல்ல?"

"ஆமாம் பெரியப்பா. எப்படித் தெரிஞ்சது?"

"நடையைப் பாரு. அறுபதுக்குக் கிட்ட இருக்கும்ல வயசு? முழங்காலைப் பாத்துப் பாத்து வைக்கிறான். தோளு அப்படியே இருக்கு."

அப்புறம் கை கூப்பினார். ராமரைக் கண்டபோது கூப்பாத கை. என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிகழ்ச்சி முடிகிற வரை காத்திருந்து, பெட்டியை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்துப் பாக்கியை எடுத்துச் சொன்னேன். அந்தப் பொங்கலன்று பேசியது தப்பு, அவர் நம்பியதை நான் உடைத்திருக்கக் கூடாது, மன்னிக்கவேண்டும் என்றெல்லாம் உளறினேன்.

பெரியப்பா ஒன்றும் புரியாதவர் போல என்னைப் பார்த்தார்.

"நான் எதையப்பா நம்பினேன்?"

"அந்தப் பந்தயம் எல்லாம் நிஜம்னு..."

"அட கூறுகெட்ட பயலே!" என்றார். "எனக்குத் தெரியாதா அது? நானே பத்து வெள்ளி வாங்கிட்டுல்ல விழுந்தேன்!"

பிறகு மெல்ல, விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஊரைத் தாண்டி இருந்த ஒரு சின்னக் கேளிக்கைக் கொட்டகை. பெரிய பந்தயத்துக்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்ற ஒரு சில்லறைப் பந்தயம் வைப்பார்கள். அதற்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. நடத்துகிறவன் வெளியே நின்ற சுமைகாரர்களைப் பார்த்து, திரேகக்கட்டுள்ள இவரைக் கூப்பிட்டான். மூன்று நாள் ஒரு பஞ்சாபிக் கிழவரிடம் பாடம். விழும் பாடம் மட்டும். மேடையில் சிங்குகளுக்குத்தான் மவுசு என்பதால் இவர் தலையிலும் ஒரு முண்டாசைக் கட்டி, 'ராம்நாட் சிங்' என்று கூவினானாம்.

"மூணாவது நிமிசம் விழணும்னு பேச்சு. பதினோரு நிமிசம் எல்லாம் நான் உங்கப்பனுக்கு எழுதினது. முண்டாசு அவுந்து மூஞ்சியில சுத்திக்கிச்சு, ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது நிமிசமே விழுந்துட்டேன். ஆனா எதிராளி நல்லவன். என்னைத் தூக்கும்போதே காதுல 'தலை, தலை'ன்னான் மலாயில. நாடியை நெஞ்சுல ஒட்டினேன். ரெண்டாளு உசரத்துலேருந்து போட்டான் அப்பு, ஒரு சிராய்ப்பு இல்லை! கூட்டம் எந்திரிச்சு நின்னுருச்சு. அத்தனை பேரும் என்னைத்தான் பாத்தான். விழுந்து கிடக்கிறேன், மேலே வெளக்கு. அவன் என் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டான்."

"அப்புறம் படத்தை ஏன் கழற்றினீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காசு வாங்கிட்டு விழறான்னு நீ சொன்னியா, நீ எங்கிட்டோ விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். சிங்கப்பூர்ல இருந்து வந்தவன் எவனும் சொல்லியிருப்பான்னு. உங்கப்பன் அந்தக் கடுதாசியை ஊரு பூராப் படிச்சுட்டானே. அவன் காதுல விழுந்தா என்ன ஆகும்? படத்தைப் பாத்தாத்தானே பேச்சு வரும்னு எடுத்துப் பெட்டியில போட்டுட்டேன்."

என் தகப்பனார் 1979-ல் காலமாகிவிட்டார். பதினோரு நிமிஷத்தை நம்பிக்கொண்டே போனார். நானும் பெரியப்பாவும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. நான் நம்பிக்கையை உடைத்துவிட்டதாக இருபத்தாறு வருஷம் தவித்தேன். அவர் பொய் வெளிப்பட்டுவிட்டதாக இருபத்தாறு வருஷம் ஒளித்தார். இந்த மாதிரி ஒரு முடிச்சைக் கதையில் வைத்திருந்தால், இயற்கையாக இல்லை என்று நானே அடித்திருப்பேன்.

தாராசிங் 2003-லிருந்து ஆறு வருஷம் ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராக இருந்து, 2012 ஜூலையில் பம்பாயில் காலமானார். கிங்காங் 1970-லேயே, மோட்டார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்துபோனார். அந்த இரும்பு உடம்பை ஒரு மனிதனாலும் வீழ்த்த முடியவில்லை என்று பெரியப்பா அப்போது சொன்னாராம். ரிக்கிடோசான் 1963 டிசம்பரில் ஒரு கேளிக்கை விடுதியில் கத்திக்குத்துப்பட்டு, ஒரு வாரத்தில் போனான், முப்பத்தொன்பது வயது. பெரியப்பா 1991-ல், பாம்பனில், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தபடியே. பெட்டியில் அந்தப் படம் இருந்தது. கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போய், தாராசிங்கின் ஒரு தோள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை. எல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு, "ரெண்டாளு உயரத்திலிருந்து விழுந்தும் ஒன்றும் ஆகலையா? எப்படித்தான் விழுந்தீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உடனே பெரியப்பா எழுந்து நின்றார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சினார். "கண்ணு ஆபரேசன் வச்சுக்கிட்டு என்ன இது, வேண்டாம் மாமா, வேண்டாம்!" என்று என் மனைவி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "ஒண்ணும் ஆகாது தாயீ, நீ செத்த அந்தச் சொம்பை எடுத்துக்க" என்றார். நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் அகட்டினார். கூடம் முழுவதும் ஒரே சத்தம். அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பெரியப்பா பாயில் மல்லாந்து கிடந்தபடி, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.